கோழியைவிடக் கனமான இறகு

வைக்கோல் துரும்பின் எடை 105 பவுண்டு. ஈயின் எடை 112 பவுண்டு. குள்ளக் கோழியின் எடை 118 பவுண்டு. அந்தக் கோழியின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய இறகின் எடை 126 பவுண்டு.

அச்சுப்பிழை எதுவும் நேரவில்லை. தொழில்முறைக் குத்துச்சண்டையின் எடைப் பிரிவுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களையும், அந்தப் பிரிவுகளின் உச்ச வரம்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் இப்படித்தான் வரும். ஸ்ட்ராவெயிட், ஃப்ளைவெயிட், பேண்டம்வெயிட், ஃபெதர்வெயிட். பேண்டம் என்பது ஜாவாத் தீவின் பாண்டம் துறைமுகத்தின் பெயரால் வழங்கும் குள்ள இனக் கோழி. நன்றாகத் தின்று வளர்ந்தாலும் ஒரு கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். அதற்கு 118, அதன் இறகுக்கு 126 என்றால் கோழியை உரிக்க உரிக்க எடை ஏற வேண்டும். ஈயின் கணக்கு இன்னும் மோசம். வீட்டு ஈ ஒன்று பன்னிரண்டு மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், ஃப்ளைவெயிட் வீரர் ஒருவருக்கு ஈடாகத் தராசின் மறுதட்டில் நாற்பது லட்சம் ஈக்களுக்கு மேல் உட்கார வேண்டும். அதுவும் பறக்காமல்.

இந்தக் குளறுபடியை ஏதோ ஒரு குடிகாரச் சபை செய்துவிட்டது என்று தள்ளிவிடவும் முடியாது. 1909-இல் லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் கூடி, எட்டுப் பிரிவுகளை முறைப்படி வகுத்தது. ஈ எட்டு ஸ்டோன், இறகு ஒன்பது ஸ்டோன் என்று அப்போதே தீர்மானமாகிவிட்டது. அதே பட்டியலில் லைட் ஹெவிவெயிட் என்றொரு பிரிவும் உண்டு: இலேசான கனம். வெல்டர்வெயிட் என்பது அதைவிட வேடிக்கை. வெல்டர் என்றால் குதிரைப் பந்தயக்காரர்கள் மொழியில் கனத்த சவாரிக்காரர். குதிரைமேல் இருந்தபோது கனமாக இருந்த ஆள், கீழே இறங்கி உறை மாட்டியதும் நடுத்தரத்துக்கும் கீழே போய்விட்டார்.

இந்தப் பின்னணியில் ஆங்கில எடைச் சொற்களை முறையாக ஆராய்ந்து நூலாக்க வேண்டிய தேவை எழுகிறது. தேவை யாருக்கு என்ற கேள்வி ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

கருதுகோள்

ஆங்கிலத்தில் எடை என்பது பொருளிடம் இல்லை. அதைத் தூக்குகிறவனிடமோ, விற்கிறவனிடமோ, பார்த்து வயிறெரிகிறவனிடமோ இருக்கிறது. இதுவே இவ்வாய்வின் துணிபு.

அற்றேல், இயற்பியலார் எடையைப் பொருளோடு கட்டிவைத்துள்ளனரே எனின், அற்றன்று. அவர்கள் கட்டியது மாஸ் எனும் நிறையை, வெயிட்டை அவிழ்த்துவிட்டார்கள். 1901-இல் கூடிய அளவைகள் குறித்த அனைத்துலகப் பொதுமாநாடு, கிலோகிராம் நிறையின் அலகு என்றும், எடை என்பது விசையின் இனத்தைச் சேர்ந்தது என்றும் அறிவித்தது. அன்று முதல் கடைக்காரர் ஒருவர் ஒரு கிலோ உருளைக்கிழங்கை நிறுக்கும்போதெல்லாம் அறிவியலார் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல் இருக்கிறது. அதே உருளைக்கிழங்கு நிலாவுக்குப் போனால் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது. நிலாவில் காய்கறிக் கடை இல்லாத காரணத்தால் பொதுமக்கள் இந்த வேறுபாட்டை இதுவரை மதிக்கவில்லை.

சொற்படலம்

ஒரு மூட்டையை எடுத்துக்கொள்வோம். உள்ளே என்ன இருந்தால் என்ன, ஐம்பது கிலோ. தராசில் கிடக்கும்போது அது வெயிட். வண்டியில் ஏறினால் லோடு. ஒருவன் முதுகில் ஏறினால் பர்டன். காலிக் கப்பலின் அடிவயிற்றில் ஆடாமல் நிற்பதற்காகப் போட்டால் பாலஸ்ட். யாரோ ஒருவர் வந்து லேசாகத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ‘தேறும்’ என்று கீழே வைத்தால், அந்த ஒரு கணத்துக்கு மட்டும் அதற்கு ஹெஃப்ட் இருந்தது. மூட்டையில் ஒரு குன்றிமணி கூடவில்லை, குறையவில்லை. மாறியது ஆள்.

இவற்றுள் லோடு தனிக் கவனம் பெறத் தக்கது. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் மூலத்துக்குச் சுமை என்ற பொருளே இல்லை. வழி, பயணம் என்பதே பொருள். ஏற்றுதல் என்று பொருள்படும் பக்கத்து வீட்டுச் சொல்லோடு பழகிப் பழகி அது சுமையாகிப்போனது. இங்கிலாந்து மறந்துவிட்ட அந்த முதற்பொருளை மீட்டுக் காத்துவருகிறவர்கள் தமிழ்நாட்டு மணல் லாரி ஓட்டுநர்கள். ‘காலையிலேயே ரெண்டு லோடு அடிச்சாச்சு’ என்று அவர்கள் சொல்லும்போது எண்ணுவது நடையைத்தான். ஆயிரம் ஆண்டுப் பழைமையை டீக்கடை வாசலில் காப்பாற்றும் இப்பணிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை பட்டம் தரவில்லை.

பர்டன், சுமத்தல் என்ற வினையின் வயிற்றில் பிறந்தது. ஆகவே தாங்குகிறவர் இல்லாமல் அது நிற்காது. பாறாங்கல் நடுக்காட்டில் தனியாகக் கிடந்தால் அதற்கு வெயிட் உண்டு, பர்டன் இல்லை. வங்கிக் கடனுக்கு வெயிட் இல்லை, பர்டன் உண்டு. நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பொறுப்பையும் ஆங்கிலச் சட்டம் இந்தச் சொல்லால்தான் சொல்கிறது. கட்சிக்காரர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருத்தம் புரியும்.

புத்தகங்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொற்கள் கத்தியாகிவிடுகின்றன. ஒரு நூலை வெயிட்டி என்றால் அதில் சரக்கு இருக்கிறது. ஹெஃப்டி என்றால் விலையோ பருமனோ மிரட்டுகிறது. ஹெவி என்றால் அடுத்த விடுமுறைக்கு ஒத்திப்போடலாம். பாண்டரஸ் என்று ஒரு மதிப்புரையாளர் எழுதிவிட்டால் ஆசிரியர் அந்த ஊரைவிட்டே போவது நல்லது. நான்குக்கும் அகராதி கனம் என்றே பொருள் தரும். தராசில் வைத்தால் நான்கு நூலும் ஒரே முள்ளைக் காட்டக்கூடும்.

ஹெவி என்ற பெயரடையின் ஒழுக்கம் குறித்துத் தனியே எழுத வேண்டும். ஹெவி ஸ்மோக்கர் நாற்பத்தைந்து கிலோ இருப்பார். ஹெவி ஸ்லீப்பர் ஒரு கைக்குழந்தையாக இருக்கலாம். ஹெவி வாட்டர் என்னும் கனநீர் மட்டும் உள்ளபடியே கனமானது. சாதாரண நீரைவிடப் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆனால் அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஹெவி க்ரீமைப் பாருங்கள். குறைந்தது 36 விழுக்காடு பால்கொழுப்பு இருந்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். கொழுப்பு தண்ணீரில் மிதக்கிற சாதி. ஆகவே ஒரு கோப்பை ஹெவி க்ரீம், அதே கோப்பை கொழுப்பு நீக்கிய பாலைவிட எடை குறைவு. கனமானது என்று பெயர் எழுதி ஒட்டிய பொருள், வயிற்றுக்குத்தான் கனம். கருதுகோளுக்கு இதைவிடக் கொழுத்த சான்று வேண்டியதில்லை.

கற்படலம்

ஆங்கிலேயர் தங்கள் உடம்பைக் கல்லால் நிறுக்கிறவர்கள். ஸ்டோன் என்றால் கல். ஒரு கல் 14 பவுண்டு, அதாவது 6.35 கிலோ. எத்தனை பேர் ஏறினாலும் கல் ஒருமைதான். பன்னிரண்டு கல் என்பதைப் பன்மையில் சொன்னால் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கல் என்பது எல்லோருக்கும் ஒரே கல்லாக இருந்ததா எனின், இல்லை. கம்பளிக்கு 14 பவுண்டு. 14-ஆம் நூற்றாண்டிலேயே மூன்றாம் எட்வர்ட் காலத்தில் வகுத்தது. அப்படி 26 கல் சேர்ந்தால் ஒரு கம்பளிப் பொதி. கண்ணாடிக்கு 5 பவுண்டு ஒரு கல். லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையில் 8 பவுண்டு ஒரு கல். 1835-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு எல்லாருக்கும் 14 என்று முடிவுகட்டியது. ஸ்மித்ஃபீல்டு கசாப்புக்காரர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நெருங்கும்வரை எட்டிலேயே நின்றார்கள்.

இதன் விளைவு கவனத்துக்குரியது. 14 கல் எடையுள்ள பருத்த கனவான் ஒருவர், வீட்டிலிருந்து கிளம்பி ஸ்மித்ஃபீல்டு சந்தைக்குள் நுழைந்தால் 24½ கல் ஆகிவிடுவார். கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தால் 39 கல்லைத் தாண்டுவார். உடைகிற பொருளுக்கு நடுவே அவர் அப்படி உணர்வது இயல்புதான்.

கல் கணக்கை ஆவணப்படுத்தியதில் ஒரு மதுக்கடைக்குத் தனி இடம் உண்டு. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவின் மூன்றாம் எண் கட்டடத்தில் இன்றும் இருக்கும் பெர்ரி பிரதர்ஸ் கடையில், காப்பிக் கொட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று தொங்குகிறது. 1765 முதல் அதில் வாடிக்கையாளர்களை ஏற்றி நிறுத்துப் பேரேட்டில் குறித்துவைத்தார்கள். பூட்ஸ் போட்டிருந்தாரா, தொப்பி இருந்ததா என்பதுவரை குறிப்பு. கவிஞர் பைரன் 1806-இல் ஏறியபோது 13 கல் 12 பவுண்டு. ஐந்தாண்டு கழித்து அதே தராசில் பத்துக் கல்லுக்குள் வந்துவிட்டார். நடுவில் வினிகரும் பட்டினியுமாகக் கிடந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். மளிகைக் கணக்கில் கவிஞரை ஏற்றிய நாடு வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கல்லுக்கு அடுத்த படி ஹண்ட்ரட்வெயிட். பெயரில் நூறு, தராசில் 112. எட்டுக் கல் சேர்ந்தால் எட்டுப் பதினாலு 112 தானே வரும், அதற்கு நாங்கள் என்ன செய்வது என்பது ஆங்கிலத் தரப்பின் வாதம். அமெரிக்கர்கள் இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்துவிட்டு, நூறு என்றால் நூறு என்று தங்களுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். மேற்படி ஈயின் எடையும் துல்லியமாக 112 பவுண்டு என்பதை இங்கே நினைவூட்டலாம். யாழ்ப்பாணத்து விவசாயி ஹண்ட்ரட்டை ‘அந்தர்’ ஆக்கி, அந்தர் கணக்கில் வெங்காயம் விற்கிறார். ஆக ஃப்ளைவெயிட் உலக வாகையர் என்பவர் சரியாக ஓர் அந்தர் ஆள்.

பண்டமாற்று ஒருவழிப் பாதையில் நடக்கவில்லை. தமிழின் வீசை, விஸ் என்ற பெயரில் ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கும்பினி காலத்துச் சென்னையில் எட்டு வீசை ஒரு மணங்கு, அதாவது 25 பவுண்டு; இருபது மணங்கு ஒரு கண்டி, 500 பவுண்டு. 1956-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் வந்த பிறகு தமிழ்நாட்டில் வீசை, பாட்டிமார் வாயோடு போய்விட்டது. பர்மாவில் மட்டும் விஸ் உயிரோடு இருக்கிறது, சுமார் 1.63 கிலோ. கடல் கடந்ததில் சற்றே பருத்துவிட்டது.

எல்லா எடையும் ஒன்றாக இருக்கட்டும் என்று 1215-இன் மாக்னா கார்ட்டாவிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. 786 ஆண்டு கழித்து, 2001-இல், சண்டர்லாந்து நகரில் ஸ்டீவ் தோபர்ன் என்ற காய்கறிக்காரர் 34 பென்ஸ் வாழைப்பழத்தைப் பவுண்டுக் கணக்குத் தராசில் நிறுத்துக் கொடுத்ததற்காக நீதிமன்றத்தில் குற்றவாளி ஆனார். மேல்முறையீட்டுத் தீர்ப்பு 2002-இல் வந்தது. அதில் நீதிபதி லாஸ், சாதாரணச் சட்டம் வேறு, அரசமைப்புத் தகுதி பெற்ற சட்டம் வேறு என்று பிரித்து எழுதிய பகுதியை இன்றும் பிரிட்டிஷ் சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் கோட்பாட்டுக்கு அடியில் இருப்பது ஒரு சீப்பு வாழைப்பழம். வணிகத்தில் கல்லுக்கு 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தோடே இடம் போய்விட்டது. உடம்புக்கும் பந்தயக் குதிரைமேல் ஏறுகிறவருக்கும் மட்டும் கல் நீடிக்கிறது. விற்பனைக்கு அல்லாத மாமிசத்தைப் பற்றிச் சட்டம் கவலைப்படுவதில்லை.

பவுண்டுப் படலம்

ஒரு பவுண்டு இறகு கனமா, ஒரு பவுண்டு தங்கம் கனமா? பள்ளிப் பிள்ளைகளை மடக்கும் இக்கேள்விக்கு இரண்டும் சமம் என்று பதில் சொல்லிவிட்டு மார்தட்டுகிறவர்கள், மறுபடியும் மடங்குகிறார்கள். இறகுதான் கனம்.

இறகைப் பொதுச் சரக்குப் பவுண்டில் நிறுக்க வேண்டும், அது 453.59 கிராம். தங்கத்தை டிராய் பவுண்டில் நிறுக்க வேண்டும், அது 373.24 கிராம்தான். சரி, அவுன்ஸில் பார்ப்போம் என்றால் கணக்கு தலைகீழாகிறது. இறகின் அவுன்ஸ் 28.35 கிராம், தங்கத்தின் அவுன்ஸ் 31.10 கிராம். தங்கத்துக்கு 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு, இறகுக்கு 16. இதில் உள்குத்து ஒன்று உண்டு: அவுன்ஸ் என்ற சொல்லுக்கே லத்தீனில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று பொருள். அப்படிப்பட்ட பன்னிரண்டில் ஒரு பங்குகள் பதினாறு சேர்ந்தால்தான் இறகுக்காரருக்கு ஒரு முழுப் பவுண்டு. பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி என்னும்போது வரும் இஞ்ச்சும் இதே தாய்வயிற்றுப் பிள்ளை. அது மட்டும் சொன்ன சொல் தவறாமல் பன்னிரண்டிலேயே நின்றுவிட்டது.

பொதுச் சரக்கு முறைக்குப் பெயர் அவர்டுபாய்ஸ். பழைய பிரெஞ்சில் நிறுத்து விற்கும் சரக்கு என்று பொருள். ஆங்கில எழுத்தாளர்கள் இதை விருந்துக்குப் போய்த் திரும்பியவர்களின் இடுப்புச் சுற்றளவுக்கும் பயன்படுத்துவார்கள். தொந்தி என்று சொன்னால் சண்டை வரும். அவர்டுபாய்ஸ் என்றால் சிரித்துக்கொண்டே தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

பவுண்டின் மூலப்படி நாடாளுமன்றக் கட்டடத்தில் பத்திரமாக இருந்தது. 1834 அக்டோபர் 16 அன்று, கணக்கு வைக்கப் பயன்பட்ட பழைய மரக்குச்சிகளை ஒழிக்கலாம் என்று பிரபுக்கள் சபையின் அடுப்பில் போட்டு எரித்தார்கள். குச்சிகளோடு கட்டடமும் போய்விட்டது. 1758-இல் செய்த டிராய் பவுண்டும் அதில் போனது. பழைய கணக்கை அழிக்கப் போய் நாட்டின் தராசுக்கல்லையே கொளுத்திய பிறகு, பிளாட்டினத்தில் புதுப் பவுண்டு ஒன்று செய்து 1855-இல் சட்டப்படி முடிசூட்டினார்கள். இடைப்பட்ட இருபது ஆண்டும் பிரிட்டனில் ஒரு பவுண்டு வெண்ணெய் எதற்குச் சமம் என்று தத்துவார்த்தமாகக் கேட்டிருந்தால் யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது. வெண்ணெய் விற்பனை தடையின்றி நடந்தது.

இந்தப் பவுண்டு தமிழர் கையில் வந்து இரண்டாகப் பிரிந்தது. நகைக்கடையில் அது பவுன். ஒரு பவுண்டு மதிப்புள்ள சவரன் நாணயம் 7.99 கிராம் இருந்ததால், பவுன் என்றால் எட்டுக் கிராம். கொழும்புப் பேக்கரியில் அதன் பெயர் றாத்தல்; ஒரு றாத்தல் பாண் 450 கிராம். ஆக, பவுண்டு என்பது பாணாக இருந்தால் 450, கழுத்தில் ஏறினால் 8. பெண்ணுக்கு ஐம்பது பவுண்டு போட்டோம் என்று ஒருவர் சொல்வதை ஓர் ஆங்கிலேயர் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் மணப்பெண்ணைத் தூக்க ஆள் அனுப்புவார்.

எடையே இல்லாத எடை

டன் என்பது பிறப்பால் ஒரு பீப்பாய். 252 காலன் வைன் பிடிக்கும் டன் என்ற பெரும் பீப்பாயின் பெயரே உச்சரிப்பு மாறாமல், எழுத்து மட்டும் மாறி எடையாயிற்று. இங்கிலாந்தில் 2,240 பவுண்டு; அமெரிக்காவில் 2,000; மெட்ரிக்கில் 1,000 கிலோ. இவை மூன்றும் பரவாயில்லை, எடைகளாவது.

கப்பலுக்குப் போனால் அந்த உத்தரவாதமும் கிடையாது. டைட்டானிக் 46,328 டன் என்று படித்தவர்கள், அதைத் தராசில் வைத்தால் அவ்வளவு காட்டும் என்று எண்ணியிருப்பார்கள். காட்டாது. அது கிராஸ் ரெஜிஸ்டர் டன். கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் கொள்ளளவு. நூறு கன அடிக்கு ஒரு டன். துறைமுகத் தீர்வை வாங்குகிறவன், உள்ளே எத்தனை பீப்பாய் அடுக்கலாம் என்று கேட்ட பழைய கேள்விதான் அந்த எண்ணில் ஒளிந்திருக்கிறது. கடலைத் தள்ளிக்கொண்டு மிதந்த உண்மையான எடை சுமார் 52,310 டன். இதற்குப் பெயர் டிஸ்பிளேஸ்மென்ட். சரக்கு, எரிபொருள், ஆட்கள் என்று ஒரு கப்பல் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு டெட்வெயிட். கப்பலுக்கு உயிர் கொடுக்கிற பகுதிக்கு இறந்த எடை என்று பெயர் வைத்தது மாலுமிகளின் மனநிலை குறித்துப் பல கேள்விகளை எழுப்புகிறது.

அலகு மாறினால் என்ன ஆகும் என்பதை வானம் ஒருமுறை காட்டியது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குக் கிளம்பியது. தேவை 22,300 கிலோ எரிபொருள். தொட்டியில் இருந்ததோ கிட்டத்தட்ட 22,300 பவுண்டு, தேவையில் பாதிக்கும் குறைவு. லிட்டரைக் கிலோவாக்க 0.8 ஆல் பெருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் பவுண்டாக்குகிற 1.77 ஆல் பெருக்கிவிட்டார்கள். நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றன. கேப்டன் பாப் பியர்சன் விமானத்தைக் காற்றிலேயே சறுக்கவிட்டு கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறக்கினார். அன்று அங்கே கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். பேப்பரில் எண் சரியாகத்தான் இருந்தது என்பதே இதில் குறிப்பிடத் தக்கது.

சந்தேகத்தின் அலகுகள்

பழைய ஆங்கில எண்கணித நூல்களில் இன்று யாரும் திறந்து பார்க்காத ஓர் அத்தியாயம் உண்டு. சரக்குப் பெட்டியோடு சேர்த்து நிறுத்தால் கிராஸ். பெட்டி, சாக்கு இவற்றுக்குக் கழிப்பது டேர். அரபியில் தூக்கி எறிவது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அதைக் கழித்தால் மிஞ்சுவது சட்டில். தூசு தும்பு விரயத்துக்காக 104 பவுண்டுக்கு 4 பவுண்டு கழித்தால் அதற்குப் பெயர் ட்ரெட். அதற்கு மேலும் மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு 2 பவுண்டு விட்டுக்கொடுத்தால் க்ளாஃப். சில்லறையாக விற்கும்போது முள் சாய்வதால் வரும் நஷ்டத்துக்கு. எல்லாம் போக மிஞ்சுவதுதான் நெட்.

ஒரு மூட்டை மிளகுக்கு ஆறு எடைகள். பொருளைப் பற்றிய சந்தேகம் எத்தனை வகையோ அத்தனை சொல். டேர், விற்பவன் சாக்கை மிளகு விலைக்கு விற்கிறானோ என்ற சந்தேகம். ட்ரெட், மிளகோடு கல்லும் மண்ணும் வருகிறதோ என்ற சந்தேகம். க்ளாஃப், வாங்கியவன் தன் தராசையே நம்பாத சந்தேகம். நம்மூர்ச் சந்தையில் இவை அனைத்தையும் கொசுறு என்ற ஒரே சொல்லில், ஒரு பிடி கறிவேப்பிலையோடு முடித்துவிடுகிறார்கள்.

உடற்படலம்

மனித உடம்புக்கு வந்தால் ஆங்கிலம் தராசை மூடிவைத்துவிட்டு வருமானச் சான்றிதழ் கேட்கிறது. போர்ட்லி என்பவர் பருத்த ஆண். கடிகாரச் சங்கிலி, வங்கிக் கணக்கு, மரியாதை மூன்றும் உள்ளவர். அதே சுற்றளவுள்ள கூலியாளை யாரும் போர்ட்லி என்பதில்லை. ப்ளம்ப், குழந்தைக்கும் வான்கோழிக்கும் பாராட்டு. மைத்துனிக்குச் சொன்னால் விவகாரம். ஸ்டவுட் ஒரு காலத்தில் வீரம், செருக்கு இவற்றைக் குறித்தது. பிறகு உடம்பு பெருத்து, கறுப்பு பீராகவும் ஆனது. ஓவர்வெயிட் என்று சொல்லும் உரிமை டாக்டருக்கும் விமான நிலையக் கவுண்டருக்கும் மட்டும்.

இந்தச் சொற்களின் வதையைத் தாங்காமல் எழுதியவர் வில்லியம் பாண்டிங். லண்டனில் அரச குடும்பத்துச் சாவுச் சடங்குகளை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். 1862-இல் ஐந்தடி ஐந்தங்குல உயரத்துக்கு 202 பவுண்டு இருந்தார். குனிந்து ஷூவுக்கு நாடா கட்ட முடியாது. மாடிப்படியில் பின்புறமாகத்தான் இறங்குவார். காது சரியாகக் கேட்கவில்லை என்று டாக்டர் வில்லியம் ஹார்வியிடம் போனார். அவர் காதை விட்டுவிட்டு வாயைப் பிடித்தார்: ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாம் நிறுத்தம். எடை மளமளவென்று இறங்க, 1863-இல் அவர் வெளியிட்ட சிறு பிரசுரம் நாட்டையே உலுக்கியது. பாண்டிங் என்ற பெயர் ஆங்கிலத்தில் எடைகுறைப்புப் பத்தியத்துக்கு வினைச்சொல் ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அது மங்கிய பிறகும் ஸ்வீடன்காரர்கள் உடம்பைக் குறைப்பதை இன்னும் பாண்டா என்றே சொல்கிறார்கள். சவப்பெட்டி செய்து பிழைத்த குடும்பத்தின் பெயர், சவப்பெட்டியின் அளவைக் குறைக்கும் முயற்சிக்கு ஆகிவந்தது.

பாண்டிங்குக்குப் பின் வந்த தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர் வெயிட் லாஸ் குரு. சமஸ்கிருதத்தில் குரு என்றால் கனமானவர். இலக்கணக்காரர்களின் குரு, லகு அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. லத்தீனின் கிராவிஸும் அதுவும் ஒரு வேரில் கிளைத்தவை. கிராவிட்டியும் துயரம் என்னும் க்ரீஃபும் அந்தக் கிளையில் காய்த்தவைதான். ஆக, இலேசாவதற்கு வழிகேட்டு ஆங்கிலேயர் கட்டணம் செலுத்திப் போய்ப் பார்ப்பது சொல்லளவில் ஒரு கனத்த மனிதரை.

பொதுவாழ்வில் எடையைக் கையாள்வதில் பக்கிங்ஹாம்ஷயரின் ஹை விக்கம் நகரமே முன்னோடி. ஆண்டுதோறும் மே மாதம் புது மேயர் பதவியேற்கும்போது முக்காலியில் தொங்கும் பித்தளைத் தராசின் நாற்காலியில் அவரை உட்கார வைத்துப் பொதுமக்கள் முன்னிலையில் நிறுக்கிறார்கள். பதவிக்காலம் முடிந்து போகிறவரையும், மற்ற உறுப்பினர்களையும் அதேபோல் ஏற்றி, போன ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். பழங்கால உடையில் நிற்கும் கட்டியக்காரர் எண்ணை உரக்க அறிவிப்பார். ஏறவில்லை என்றால் ‘அதற்கு மேல் இல்லை’ என்று முடிப்பார். ஊருக்கு உழைத்திருக்கிறார் என்று கைதட்டல். ஏறியிருந்தால் ‘இன்னும் கொஞ்சம்’ என்று சேர்ப்பார். வரிப்பணத்தில் தின்றிருக்கிறார் என்று கூட்டம் ஊளையிடும். அந்தக் ‘கொஞ்சம்’ எத்தனை பவுண்டு, எத்தனை அவுன்ஸ் என்பதை அவர் சொல்வதில்லை, கூட்டமும் கேட்பதில்லை. ஊளை முடிந்ததும் அடுத்த உறுப்பினர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் ஏறுகிறார்.